லில்லி வீட்டு முறை

அக்டோபர் 6, செவ்வாய்

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பியக் கூட்டம், ஸ்டெல்லா மயினி வீட்டு முற்றத்தில். வந்தவர்கள்: தலைவர் சூசை அண்ணன், ஸ்டெல்லா மயினி, பிலோமி, லில்லி, நான். மொத்தம் ஐந்து. மத்தியானம் மழை, கூட்ட நேரத்துக்கு விட்டது.

செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகணும், வீட்டுக்கு ஒரு நாள். இந்த வருஷம் கொரோனா வேறு. நான் சொன்னது: முற்றத்தில் செபம், மாஸ்க், மாதா பாதத்தில் யாரும் முத்தம் வைக்க வேண்டாம், கும்பிட்டால் போதும்.

மயினிக்குப் பொங்கிவிட்டது. "மாதாவுக்க காலை முத்தினா நோய் வருமாட்டி? அஞ்சாங்கிளாஸ் சட்டம் போட வந்துட்டு!"

அஞ்சாங்கிளாஸ்தான். மீதியெல்லாம் பைபிள் வாசித்தே படித்தது. வெட்கமில்லை.

அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அண்ணன், "ஒரு வாரம் செலின் சொன்னபடி பாப்போம்."

அக். 7, புதன்

பிலோமி வீட்டில் செபம். ஆள் 11, மாஸ்க் 9. முடிந்ததும் நானே குனிந்து மாதாவை முத்திவிட்டேன்! சின்ன வயசுப் பழக்கம். மாஸ்க்கோடுதான்.

"பாத்தியளா, சட்டம் போட்டவளே முத்திட்டா!" மயினிக்குக் கொண்டாட்டம். எல்லாருக்கும் சிரிப்பு, எனக்கும். சோப்புத் துணியால் துடைத்தேன். சட்டம் சட்டம்தான் என்றேன்.

அக். 8, வியாழன்

காற்று. இவிய, என் வீட்டுக்காரர், கடலுக்குப் போகவில்லை. எங்கள் முறை, மாதா வந்தாச்சு.

செபம் முடிந்ததும் லில்லி ஓட்டம், முற்றத்தில் புது மணல் விரிக்க. நாளை அவள் முறை. அவள் தலை மறைந்ததும் அண்ணன் மெதுவாக, "லில்லிக்க வீடு வேண்டாம். மக கொரோனா வார்டுல நர்ஸுல்லா. நேரே அடுத்த வீட்டுக்குப் போவோம்."

மகள் ஷைனி வீட்டுப் பக்கம் வராமல் மூன்று வாரம். ஆஸ்பத்திரி விடுதியில்தான் தங்கல். சொன்னேன்.

"இருந்தாலும்..." என்று அண்ணன் இழுக்க, மயினியும் தலையாட்டல்.

வந்ததே கோபம். "மாதாவை முத்தினா நோய் வராதுன்னு சொன்னது நீங்கதானே மயினி? லில்லிக்க வாசல்ல மட்டும் மாதாவுக்கே நோய் பிடிச்சிருமோ?"

"வாயப் பாரு இவளுக்கு! நீதானே பயந்து சட்டம் போட்ட?"

"பயம் உண்டு. அதுக்குத்தான் சோப்பு, மாஸ்க். ஆளைத் தள்ளி வைக்க நான் எங்க சொன்னேன்?"

மயினியும் அண்ணனும் எழுந்து போனார்கள்.

இருட்டுமுன் லில்லி வேலியோரம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எனக்காகச் சண்டை வேண்டாம் செலினே. மாதா போற வழியில ரோட்டில நின்னு கும்பிட்டுக்கிடுதேன். பிச்சி மாலை சொல்லிருக்கேன், அதை நீ போட்டுரு."

போட மாட்டேன் என்றேன். அவள் வீட்டில் அவள் கையால் போடணும்.

அக். 9, வெள்ளி, காலை

முறை நோட்டு என் கையில். லில்லி பெயரை அடிக்கவில்லை. மாதா முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்பு, பிடித்து வைத்திருப்பதற்கு.

இவிய எட்டிப் பார்த்து, "மாதாவையே மறியலுக்கு இருத்திட்டியா? நல்லது. சாயா உண்டா?"

அண்ணனுக்கு வாட்ஸாப்பில் எழுதினது, அப்படியே:

அண்ணா, மாதா எங்க வீட்டில்தான். லில்லி வீட்டுக்கு என்றால் மட்டும் எடுத்துத் தருவேன். அவள் முற்றத்தில் தள்ளித் தள்ளி நிற்க இடம் உண்டு. வேறு வீட்டுக்கென்றால் ஆள் அனுப்ப வேண்டாம். ஐந்து மணிக்குச் செபம். மூன்று மணிக்குள் பதில் சொல்லுங்கள்.