பந்தலுக்கு அடியில் நின்ற வேன்

நான் மின்விசிறியை அணைக்காமல் விட்டு நம் வேனின் லித்தியம் பேட்டரியைச் சாகடித்துவிட்டேன் என்று பாலோ ஊர் முழுவதும் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. இன்று காலை வேனுக்குள் ஏறினேன். படுக்கைக்கு மேலே நீ மாட்டிய, பேட்டரியின் அளவைக் காட்டும் சின்னஞ்சிறு திரை மறுபடியும் ஒளிர்கிறது. அதைப் பார்த்த கையோடு உனக்கு எழுதுகிறேன், தோழி.

பேச்சைக் கிளப்பியவன் உன் மகன். நீ இறந்த பதினாறாம் நாள் சாப்பாட்டில், உறவினர்களிடம், எனக்குக் காது கேட்காது என்ற நினைப்பில், "ஆண்ட்டிக்கு வயசாச்சில்ல, ஃபேனை ஓடவிட்டுட்டாங்க. பேட்டரி செத்துப்போச்சு. சாவிய வாங்கிடணும் லா," என்றான். வேன் உன் பெயரில் இருந்தாலும் சாவி என்னிடமே இருக்க வேண்டும் என்று நீ சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

கணவர்கள் போன பிறகு நாம் இருவரும் அந்த வேனில் எத்தனை கடற்கரைகளுக்குப் போனோம்! பழைய ஈய பேட்டரி இருந்தபோது ரைஸ் குக்கரைப் போட்டால் விளக்கு மங்கும். லித்தியம் வந்த அன்று அதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாய். "கான்வென்ட்ல உன் புத்தகப் பை இதைவிட கனம்டி!" என்று கேலி வேறு. தேசாரு கடற்கரையில் சோறு வெந்து முடியும்வரை விளக்கு மங்கவே இல்லை. நான் கைதட்டினேன். நீ அதட்டினாய்: "பழசு முனகும். இது கடைசி வரைக்கும் பளிச்சுன்னு இருந்துட்டு சொல்லாம நின்னுடும். நம்பரைப் பாத்துட்டு எறங்கு."

அதன்பின் பார்க்காமல் இறங்கியதே இல்லை. உன்னை மருத்துவமனையில் சேர்த்த நாளிலும் பார்த்தேன். எண்பத்திரண்டு விழுக்காடு. விசிறி அணைந்திருந்தது.

உன் இறுதிச் சடங்குக்கு வேனை என்னிடமிருந்து வாங்கிப் போனவன் உன் மகன். பந்தலுக்கு அடியில் நிறுத்தினான். கூரையிலிருந்த சோலார் தகட்டில் ஒரு பொட்டு வெயில் படவில்லை. வந்தவர்களுக்கான குளிர்பானங்களை வேனிலுள்ள மின்சார ஐஸ்பெட்டியில் அடுக்கி, நாள்கணக்கில் ஓடவிட்டான். எல்லாம் நின்றுபோனதும் ஈய பேட்டரிக்கு வாங்கிய பழைய சார்ஜரை மாட்டிப் பார்த்தான்; ஏறவில்லை. வேனை என் வாசலில் விட்டுவிட்டுப் போனான்.

செடெனாக் ஊரிலிருந்து பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். சோதித்துவிட்டுச் சிரித்தார். "சாகல ஆண்ட்டி. காலியானா தன்னைக் காப்பாத்திக்க அதுவே அடைச்சிக்கும். பழைய சார்ஜருக்கு அதை எழுப்பத் தெரியாது லா." லித்தியத்துக்கு உரிய சார்ஜரை மாட்டினார். எழுந்துவிட்டது.

தாயை இழந்தவன் ஐஸ்பெட்டியை மறந்தால் நான் குறை சொல்வேனா? தன் மறதியை என் வயதின்மேல் ஏற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ உட்கார்ந்திருந்தால் அந்தச் சபையில் அப்படி வாய் திறந்திருப்பானா?

நீ சொன்னபடி இன்றும் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். என் கை நடுங்காதவரை அந்த வேனை ஓட்டுவேன்.

இந்த மடலின் நகலை அவனுக்கும் அனுப்புகிறேன். பேட்டரி எதனால் நின்றது என்பதை அதே உறவினர்களிடம் அவன் சொல்வானா? சாவி கேட்பதை நிறுத்துவானா? தொலைபேசியில் சமாதானம் வேண்டாம். தாளில் எழுதி, கையெழுத்திட்டுப் பதில் அனுப்பட்டும்.