பத்தொன்பது கிலோ

5 பெப்ரவரி, திங்கள்

இன்றும் புட்டு திரும்பி வந்தது. இரண்டு வாய், பிறகு வாளி.

டென்மார்க்கில், இந்தப் புரொண்பியில் தமிழ்க் கலியாணம் என்றால் நானூறு பேருக்குச் சமைப்பவன் நான். உப்புப் பார்க்காமல் ஒரு சட்டியும் என் கையைத் தாண்டியதில்லை. என் மகளுக்கு மட்டும் என் சமையல் இறங்கவில்லை. ஸ்ரெபானிக்கு ஏழு வயது. இரத்தப் புற்றுநோய் என்று ஆசுபத்திரியில் படுத்து மூன்றாவது மாதம்.

உணவு ஆலோசகர் மெட்டெ சொன்னா: இப்போது பதினெட்டு கிலோ எழுநூறு. அடுத்த திங்கள் பத்தொன்பது கிலோவாவது இல்லையென்றால், மூக்கு வழியாகக் குழாய்.

மூக்காலா? நான் உயிரோடை இருக்கேக்கையா? அதைவிட நான் பஸ் ஓட்டப் போகலாம்.

7 பெப்ரவரி

மீன் சொதி. வாசத்துக்கே சத்தி எடுத்தாள். பிறகு ஆசுபத்திரியின் கறுப்புப் பாணும் ஈரல் பூச்சும் அரைத் துண்டு தின்றாள். ஈரலை இவ்வளவு கெடுக்க ஒரு நாடே கூடி முயன்றிருக்க வேண்டும். அதனிடம் தோற்றுப்போனேன்.

10 பெப்ரவரி, சனி

பக்கத்து வீட்டு யசிந்தா அக்கா பார்க்க வந்தா. "பிள்ளை நல்லாத் தேறீட்டாள்! கன்னம் வைச்சிட்டுது!"

கன்னம் ஸ்ரெரொயிட் குளிசையின் வீக்கம். மேல்கையை மெட்டெ நேற்று நாடாவால் அளந்து காட்டினா, தசை கரைந்துகொண்டிருக்கிறது. எனக்கு இது தெரியும். ஆனாலும் அக்கா சொன்னது இனித்தது.

போகும்போது பப்பாசி இலைச் சாறு பருக்கச் சொன்னா. டென்மார்க் தமிழரில் பாதிப்பேர் டொக்டர், மீதிப்பேர் டொக்டருக்குப் புத்தி சொல்பவர்கள்.

12 பெப்ரவரி, திங்கள்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையின் மேலங்கிப் பையில் என் சாவிக்கொத்தைப் போட்டேன் — வான், சமையலறை, கிடங்குச் சாவிகள், கூடவே பெரிய பூட்டு. தராசு பத்தொன்பது நூறு என்றது. நெஞ்சை நிமிர்த்தினேன். ஸ்ரெபானி கொத்தை வெளியே எடுத்து, "இது அப்பாவுடையது" என்று டேனிஷில் சொல்லித் தாதியிடம் நீட்டினாள்.

பதினெட்டு அறுநூறு.

தாதி சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "மருந்தின் அளவையும் இந்த நிறையை வைத்துத்தான் பார்க்கிறோம்" என்றா.

ஐயோ. என்ன வேலை பாத்தனான்? என்ரை சமையல் மானத்துக்காகப் பிள்ளையின்ரை மருந்தோடை விளையாடிப் போட்டன். கழிப்பறைக்குள் போயிருந்து அழுதேன்.

13 பெப்ரவரி

குழாய் போட்டாச்சு. அவள் கொஞ்சம்தான் அழுதாள். என்னைத்தான் வெளியில் நிற்கச் சொன்னார்கள்.

4 மார்ச், திங்கள்

பத்தொன்பது முந்நூறு. தராசில் ஏற்றமுன் பைகளை நானே தட்டிப் பார்த்தேன்.

யசிந்தா அக்கா தொலைபேசியில்: "மூக்கிலை குழாயோ? ஐயோ, பிள்ளை ஒண்டும் சாப்பிடுறேல்லையோ?"

"சாப்பிடுறாள் அக்கா. நான்தான் குடுக்கிறன்."

பொய்யில்லை. மெட்டெ பழக்கிவிட்டா. ஊசிக்குழலில் அந்தப் பால்நிறச் சத்துணவை எடுத்து, மூக்குக் குழாய்க்குள் மெல்ல மெல்ல இறக்குகிறேன். ஸ்ரெபானி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உப்புப் பார்த்தீங்களா?" டேனிஷில்தான் கேட்டாள். கன்னத்தில் சிரிப்பு.

ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் இறக்கினேன்.