மழையில் வற்றிய ஊற்று

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இந்த நிமிடம் வரை நாங்கள் நலம், நீயும் நலமாயிருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், பிழை இருந்தால் என்னுடையது, கையெழுத்து அழகாயிருந்தால் அவளுடையதாம். மழையில் போன் கோபுரம் சாய்ந்துவிட்டது, அதனால் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், சிக்னல் கிடைக்கும் இடத்தில் படம் எடுத்து உனக்கு அனுப்புவார்.

உன் சித்தி பள்ளியில் இன்னும் மண் பாடம்தான் நடத்துகிறாள். நம்மவர்கள் இந்த மலைச்சரிவைப் படித்த மாதிரி பிள்ளைகளும் படிக்கட்டும் என்று ஆளுக்கோர் இடம் கொடுத்து, வாயை மூடி உட்காரவைத்து, போன வாரத்துக்கு இந்த வாரம் என்ன மாறியது என்று கேட்பாளே, அதேதான். பள்ளிக்குப் பின்னால் ஊற்றடியில் நீ உட்கார்ந்த கல்லில் இப்போது உன் தங்கை உட்காருகிறாள். இந்த வாரம் அவள், ஊற்றுச் சத்தமே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இத்தனை மழை கொட்டும்போது ஊற்று மட்டும் வற்றிக் கிடக்கிறது. சித்தி பதறிப்போய்த் தலைமையாசிரியரிடம், "தண்ணி எங்கயும் போகல சார், மலைக்குள்ளதான் தேங்கி நிக்குது. இப்படி ஆனா மலை சரியும், கீழ படுக்கக்கூடாதும்பாங்க எங்க ஆளுங்க" என்றாளாம். அவரோ, "ஊத்துக்கு வாய் வலிச்சிருக்கும் டீச்சர், ரெண்டு நாள் ஓய்வெடுக்கட்டும். பின்சுவர் ஈரம் காஞ்சுதேன்னு நானே நிம்மதியா இருக்கேன்" என்று சிரித்தாராம். எஞ்சினியர் யாராவது சொன்னால் பரீட்சையை வேறிடத்துக்கு மாற்றுகிறாராம். நாளை மறுநாள் பரீட்சை, அதே கட்டடத்தில். விடுதிப் பிள்ளைகள் அங்கேயேதான் தூங்குகிறார்கள்.

நீ எஞ்சினியர்தானே கண்ணா, இதைப் பார்த்த கையோடு கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்து ஆளனுப்பச் சொல். அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல், ஊற்று என்றால் சிரிப்பார்கள். இவளை அனுப்பமாட்டேன் என்றேன், ஒரு வருடம் வீணாகும் என்று எழுதிக்கொண்டே அழுகிறாள். அழட்டும், நான் அனுப்பப்போவதில்லை. மற்றதுகளும் யாரோ பெற்றவைதானே, அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, போனை மட்டும் அணைத்துவிடாதே. எங்கே இருந்தாலும் உன் காலடி மண் உறுதியாயிருக்கட்டும்.

உன் அம்மா

அண்ணா, இது நான். அம்மாவிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். இன்று எங்கள் வகுப்பறைக் கதவு மூடவில்லை. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று தலைமையாசிரியர் தன் அறையில் இருந்தபடியே சொல்லி, இழைத்துவிடத் தச்சரை வரச்சொல்லியிருக்கிறார். அண்ணா, அது இரும்புக் கதவு.