பிரேம் போடாத ஒரு படம்

பங்குனி 6, வியாழன்

காலையிலிருந்தே வாடைக் காற்று. யன்னல் கம்பியெல்லாம் உப்பு. போனில் மறுபடியும் சார்ஜ் ஏறவில்லை. வயரைச் செருகி, வலப்பக்கம் சாய்த்து, றப்பர் வளையம் போட்டு, மேலே பைபிளை வைத்தால் ஏறுகிறது. பைபிளை எடுத்தால் நின்றுவிடுகிறது. 14 வீதம்.

இது அணையக் கூடாது. அவருக்கு மனப்பாடமான நம்பர் இது ஒன்றுதான்.

அவர் நண்டு வலை விடத் தனியே கடலுக்குப் போய் இன்றோடு இருபத்துமூன்று நாள்.

பதினொரு மணிபோல் தாஸ் வந்தான். என் மனிசனின் தம்பி. கதிரையில் இருக்கவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"மச்சாள், ஃபாதரோட கதைச்சனான். முப்பத்தோராம் நாள் பூசை வைக்கலாமாம். வாற கிழமை வெள்ளி."

"ஆருக்கு?"

நிலத்தைப் பார்த்தான். "அண்ணையின்ர படம் ஒண்டு பிரேம் போட்டு வேணும். நீங்கள் கீறினது இருக்குத்தானே."

"படம் இருக்கு. பிரேம் இல்லை."

பச்சைப் பொய். அறை முழுக்கப் பலகை அடுக்கி வைத்திருக்கிறேன். அவன் அதைப் பார்த்தான். தேத்தண்ணியும் குடிக்காமல் போனான்.

நல்ல கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பங்குனி 7, வெள்ளி

ஊரில் யார் செத்தாலும் அடையாள அட்டையோடு என்னிடம்தான் வருவார்கள். அந்தத் தபால்தலை அளவு முகத்தைப் பார்த்துப் பென்சிலால் பெரிதாகக் கீறி, நானே பலகை வெட்டி, கண்ணாடி போட்டு, முன்னால் மெழுகுதிரி மாதிரி எரியும் சின்னப் பற்றரி விளக்கும் வைத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு வருட வேலை.

அவரை மட்டும் உயிரோடு கீறினேன், போன வருடம். சாரத்தை மடித்துக் கட்டி, விரலில் நண்டு கவ்விக்கொண்டு தொங்க, வலியிலும் சிரிப்பு. சுவரில் நாலு குண்டூசியில் நிற்கிறது. அன்று அவர் சொன்னது: "எனக்கு மட்டும் கண்ணாடி போட்டிடாதை. உன்ர கண்ணாடிக்குள்ள போனவன் ஒருத்தனும் திரும்பி வந்ததில்லை." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சனியன் பிடித்த சிரிப்பு.

பின்னேரம் மண்டபம் அகதி முகாமுக்குப் போன் எடுத்தேன். ஸ்ரெல்லா இன்னும் அங்கேதான். பத்தொன்பது வயதுவரை அடுத்தடுத்த அறையில் இருந்தோம். நான் ஊர் திரும்பினேன், அவள் நின்றுவிட்டாள். அவருடைய போட் அக்கரையில் ஒதுங்கினால் அவள் காதுக்கு எட்டாமல் போகாது.

"ரெண்டு போட் பிடிபட்டதாம்டி. நேராப் போய்ப் பார்த்தன். ரெண்டிலயும் வேற ஆக்கள். நான் என்ன சொல்லுறன் எண்டா..."

போன் செத்தது.

செய்தவை: பல் பிரஷால் தேய்த்தேன். ஊசியால் கிண்டினேன், பச்சையாக என்னவோ வந்தது. ஊதினேன். அரிசிக்குள் புதைத்தேன், துளைக்குள் ஒரு குறுநொய் போய் மாட்டியதுதான் மிச்சம். திட்டினேன். அருள் நிறைந்த மரியே பத்துத் தரம்.

நாற்பது நிமிடம் அணைந்து கிடந்தது. அந்த நாற்பது நிமிடத்துக்குள் அவர் எனக்கு எடுத்திருந்தால்?

பங்குனி 9, ஞாயிறு

கோவில். தபசு கால நோன்பு, பீடத்தில் பூ இல்லை. பின்வாங்கில் யாரோ: "இன்னும் வெள்ளை உடுக்கேல்லை, பாருங்கோ." இன்னொருத்தி: "சும்மா இரும், பாவம் அது."

இலுப்பைக்கடவைக் கரையில் ஒரு பிளாஸ்டிக் எண்ணெய்க் கான் ஒதுங்கியதாம். தாஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவருடையது இல்லை. இப்போது ஒரு வெறும் கானுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

இதை எங்கேயாவது எழுத வேண்டும். இங்கேயே எழுதுகிறேன்.

அவர் போவதற்கு முதல் நாள் கீரி ஊரில் றீற்றா அக்கா வீட்டுக்குப் படம் கொடுக்க வேண்டியிருந்தது, அவவின் செத்துப்போன மனிசனுடையது. விளக்குக்குப் பற்றரி இல்லை. கடைக்குப் போகப் பஞ்சி, சோம்பேறித்தனம். கடலில் வழி காட்டும் அவருடைய ஜிபிஎஸ்ஸைத் திறந்து அதிலிருந்த புதுப் பற்றரி இரண்டையும் எடுத்தேன். மணிக்கூட்டில் கிடந்த பழசுகளை அதற்குள் போட்டேன். பிறகு வாங்கி மாற்றலாம் என்று. மாற்றவில்லை.

விடிய அவர் அதை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தார். "லைற் வருதில்லையே."

அடுப்படியில் நின்றேன். சொன்னால் கத்துவார் என்று பயம். "ஈரம் பட்டிருக்கும்" என்றேன்.

அன்று காற்றே இல்லை. பனிப்புகார். எட்டு மணி வரைக்கும் கரையில் நின்றவர்களுக்கே கடல் தெரியவில்லை.

பங்குனி 10, திங்கள்

பூசைக்கும் பிரேமுக்கும் தாஸுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கக் கூடாது.

படம் 16க்கு 20. பலகை நாலு துண்டு. மூலை வெட்டும் பெட்டியில் வைத்து வெட்டினேன். ஒட்டிப் பார்த்தால் மூன்று மூலை பொருந்துகிறது, நாலாவது வாயைப் பிளக்கிறது. அளந்தேன். நீளப் பலகை ஒன்று ஒரு அங்குலம் குட்டை. எண்ணிக்கையில்லாத பிரேம் போட்ட கை இது. வாளில் பிழையில்லை, அளவுகோலிலும் பிழையில்லை.

மறுபடி வெட்டினேன். இந்த முறை கோணல். எறிந்தேன். சுவரில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ" என்று உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

போன் 40 வீதம். அழைப்பு ஒன்று. கடன் வேண்டுமா என்று ஒரு பெட்டை.

பங்குனி 11, செவ்வாய்

கீரிக்குச் சைக்கிளில். எதிர்க்காற்று. கடையில் புதுப் பற்றரி இரண்டு வாங்கிக்கொண்டு போனேன்.

"விளக்கில இருக்கிறதை மாத்திப் போட்டுத் தாறன் அக்கா."

"நல்லாத்தானே எரியுது பிள்ளை. ஞாயிறில மட்டும்தான் போடுறனான்." பிறகு என் முகத்தைப் பார்த்தா. தானே போய்க் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தா. "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டா.

வீட்டுக்கு வந்து றேடியோவில் போட்டேன். பாட்டு முழங்கியது. பற்றரி ஒரு பொட்டும் இறங்கவில்லை.

செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். எப்படியும் ஒரு கிழமையில் முடிந்திருக்கும், கடலில் அவருக்கு உதவியிருக்காது என்று எனக்கு நானே சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. அதுவும் போயிற்று.

மூன்றாம் தரம் வெட்டினேன். நாலு மூலையும் பொருந்தியது. என்னை நானே வெறுத்தேன்.

பங்குனி 12, புதன்

வெயில். கண்ணாடியைத் துடைத்தேன். குண்டூசிகளைக் கழற்றி, படத்தை வைத்து, பின்பலகை போட்டு ஆணி அடித்தேன். திருப்பிப் பார்த்தேன். செத்தவர் மாதிரியே இருந்தார். என் வேலை சுத்தம்.

பத்து மணிக்குத் தாஸ் எடுத்துப் போக வந்தான். பிரேமை நீட்டினேன், விடவில்லை. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்படியே பற்றரிக் கதையைச் சொன்னேன், முழுவதும். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அவன் நிலத்தில் குந்திவிட்டான்.

"மச்சாள், அது போட்டில இல்லை. என்ர வீட்டில இருக்கு."

"என்ன?"

"போகேக்க குடுத்திட்டுப் போனவர். லைற் வருதில்லை, பார்த்து வை எண்டு. நான் பாயில கிடந்தனான். பொறுங்கோ அண்ணை, இப்ப பார்த்துத் தாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பத்து மணிக்கு எழும்பி வேற பற்றரி போட்டன். உடன பத்திச்சு. ஒரு நிமிச வேலை, மச்சாள். ஒரு நிமிசம்."

அதன் பிறகு: "பூசை வச்சால் எனக்கு நித்திரை வரும் எண்டு நினைச்சன்."

அவன் அழுதான். நானும். அவனை ஒரு முறை நன்றாக ஏச வேண்டும் என்றிருந்தது. எந்த வாயால் ஏச? கடைசியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இந்த முறை குடித்தான்.

போய் ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவந்தான், பழைய சேட்டில் சுற்றி, அலுமாரிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததாம். கீரியிலிருந்து வந்த பற்றரிகளைப் போட்டேன். லைற் பத்தியது. அவர் வலை விடும் இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு நம்பர். ஒன்றுக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார், வீடு என்று.

வெள்ளிக்கிழமைப் பூசை நடக்கட்டும், கடலில் நிற்பவர்களுக்கு என்று வைக்கச் சொல் என்றேன். அவருடைய பெயரைச் செத்தவர்களோடு வாசிக்கக் கூடாது. தாஸ் தலையாட்டிவிட்டு ஃபாதரிடம் போனான்.

ஆணிகளைப் பிடுங்கினேன். கண்ணாடி ஒரு மூலையில் உடைந்தது, உடையட்டும். படம் சுவரில், பழைய ஓட்டைகளிலேயே நாலு குண்டூசி. விளக்கு வைக்கவில்லை. பற்றரி ஜிபிஎஸ்ஸுக்குள் இருக்கிறது, ஜிபிஎஸ் யன்னலில் எரிகிறது.

போன் 9 வீதம். பைபிள் வைத்தும் இப்போது ஏறவில்லை. வயரை வலது கையால் அழுத்திப் பிடித்திருக்கிறேன். பிடித்தால் ஏறுகிறது. இதை எழுதுவது இடது கை. 10.