மேளம் நின்ற இடம்

8 ஜூன் 2010, செவ்வாய்

பள்ளி திறந்து ஒரு வாரம். ஐந்து வகுப்புக்குப் பாட்டு, எல்லாம் ஒரே தொண்டையில். வீட்டுக்கு வந்து வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்திருந்தபோது சிதம்பரத்திலிருந்து தோழி பிரிசில்லாவின் போன்.

“எழில், படம் முடிஞ்சிடுச்சு. செப்டம்பர்ல காட்டுறேன். நீதான் வயலின்.”

போன வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு, பண்ருட்டிப் பக்கம் அம்மாவின் ஊரில் மஞ்சுவிரட்டைப் படம் எடுத்தாள். கூட்டிக்கொண்டு போனது நான்தான். மைக்குக்குத் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. படம் முழுக்க ஊமை. அதனால், திரைக்கு முன்னால் உட்கார்ந்து நேரில் வாசிக்க ஆள் வேண்டுமாம்.

அன்றைக்குத்தான் கதிர் அண்ணன் மாடு பிடிக்கப் போய் விழுந்தான். அதுவும் படத்தில் இருக்கிறது. இருபத்தேழு வயது, லாரி ஓட்டினவன். இடுப்பெலும்பு. இப்போது ஊன்றுகோலும், மஞ்சக்குப்பத்தில் ஒரு ரீசார்ஜ் கடையும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

9 ஜூன்

அண்ணனிடம் கேட்டேன். “வாசியேன். நல்லா எடுத்திருக்காளா?” என்றான். அவ்வளவுதான். கூப்பன் சுரண்டிக்கொண்டிருந்தான்.

11 ஜூலை, ஞாயிறு

முதல் ஒத்திகை. ஜெராக்ஸ் கடை மாடியில் பிரிசில்லாவின் அறை. ஒரு டிவி, ஒரு மின்விசிறி, அதுவும் டிவியைப் பார்த்தபடி.

பம்பை மேளத்துக்குப் பக்கிரி மாமா வந்திருந்தார். அன்றைக்கு வாடிவாசலில் அடித்தவரே அவர்தான். ஒன்றரை வருஷமாகப் பம்பையைத் தொடவில்லையாம், பிரிசில்லா நான்கு முறை போய்க் கேட்டு அழைத்து வந்திருக்கிறாள். அண்ணன் விழுந்த பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. “ஊரே வந்து பாத்துது, பக்கிரி ஒரு எட்டு வரலியே” என்று அம்மா இன்னும் சொல்லும்.

என்னைப் பார்த்ததும், “நல்லா இருக்கியா பாப்பா?” என்றார். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை.

படத்தில் அண்ணன் விழும் இடம் வந்தபோது நான் வில்லின் திருகைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சரியாகத்தான் இருந்தது.

18 ஜூலை

இன்று பார்த்தேன். செவலை மாடு வெளியே வருகிறது. கதிர் திமிலைப் பிடிக்கிறான், கை வழுக்குகிறது, விழுகிறான். மாடு தாண்டி ஓடுகிறது. சரி, போய்விட்டது என்று மூச்சு விடும்போது — நிற்கிறது. திரும்புகிறது.

திரும்பி வந்துதான் குத்தியிருக்கிறது. எனக்கு இதுவரை தெரியாது. அன்று நான் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தேன்.

பேருந்தில் புத்தகத்தைத் திறந்தேன். ஆலப்பாக்கம் வரை ஒரே பக்கம்.

25 ஜூலை

பிரிசில்லாவுக்கும் மாமாவுக்கும் தகராறு. அண்ணன் விழும் இடத்தில் இசையே வேண்டாம் என்கிறாள் அவள்.

“அங்க எல்லாத்தையும் நிறுத்திடுங்க மாமா. சத்தமே கூடாது. ஜனங்க ஒறஞ்சி போவணும்.”

“நிறுத்த மாட்டேம்மா.”

“ஒரு நிமிஷந்தான்.”

“ஒரு நிமிஷமா? ஆளு வுழுந்தா மேளம் நிக்கக் கூடாதும்மா. சத்தம் பின்னால இருக்கற வரைக்கும் மாடு முன்னால ஓடும். சத்தம் நின்னா அதும் நிக்கும். திரும்பிப் பாக்கும். எங்கப்பன் எனக்கு மொதல்ல சொன்னதே இதான்.”

“இது படம் மாமா. மாடு எறங்கி வராது.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் தலையை ஆட்டினார். சம்மதம் என்று பிரிசில்லா எடுத்துக்கொண்டாள்.

1 ஆகஸ்ட்

மாமா இன்று வரவில்லை, காய்ச்சலாம். பிரிசில்லா டீ வாங்கப் போன நேரத்தில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஏன் செய்தேன்?

திரையின் இடது ஓரம். சிவப்புத் தலைப்பாகை. இடுப்பில் பம்பை. கதிர் விழும் வரை கைகள் தெரியாத வேகம். விழுந்ததும் இரண்டு கையும் தொங்குகின்றன. குச்சி கையிலேயே இருக்கிறது. மாடு எட்டு அடி போகிறது. நிற்கிறது.

ஏழு முறை பார்த்தேன். ஏழு முறையும் தொங்குகின்றன.

2 ஆகஸ்ட்

கையில குச்சி இருந்துச்சே. அடிச்சிருக்கலாமே. தெரிஞ்ச மனுசந்தானே, அப்பன் சொல்லிக் குடுத்த மனுசந்தானே. ரெண்டு அடி. ரெண்டே ரெண்டு அடி அடிச்சிருந்தா என் அண்ணன் இன்னிக்கு லாரி ஓட்டிக்கிட்டு இருப்பான்.

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.

4 ஆகஸ்ட்

அம்மாவிடம் சொல்லவா? சொன்னால் நாளைக்கே ஊருக்குப் பஸ் ஏறும்.

யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டுக்கு மட்டும் தெரியும்.

15 ஆகஸ்ட்

விடுமுறை. கடையில் கூட்டமில்லை. அண்ணனிடம் கேட்டுவிட்டேன்.

“ண்ணா, அன்னிக்கு நீ வுழுந்தப்போ மேளம் நின்னுச்சா?”

போனைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. “நின்னுச்சி.”

“உனக்குத் தெரியுமா?”

“வுழுந்து கெடக்கறவனுக்குக் காதுதான வேல செய்யும்?”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஊருல அந்தாள வுட்டு வச்சிருப்பானுங்களா? நம்ம அம்மா ஒண்ணே போதும்.” அடுத்த போனை எடுத்துத் துடைத்தபடி, “அவரு என்னா வேணும்னா நிறுத்தனாரு? நான் வுழுந்தத பாத்துட்டாரு. பாக்காம அடிக்கறவன் அடிச்சிருப்பான்.”

பிறகு, “உனக்கு யாரு சொன்னா?” என்றான்.

“படம்” என்றேன்.

ஒன்றரை வருஷம் இதை வைத்துக்கொண்டு தூங்கி எழுந்திருக்கிறான். நான் பதினான்கு நாளில் அலுத்துப்போய்விட்டேன்.

29 ஆகஸ்ட்

ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் மாமா தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார். பிரிசில்லா கவனிக்கவில்லை. கோபம் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை, களைத்துப் படுத்திருக்கிறது.

5 செப்டம்பர், ஞாயிறு

சிதம்பரம். வாடகை மண்டபம். அறுபது எழுபது பேர். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பயந்த மாதிரி கரண்ட் போகவில்லை.

படம் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் மாடுகளை அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். “டேய், அது நம்ம சாமிக்கண்ணு மாடுடா!” “மாட்ட தெரியுது, பக்கத்துல நிக்கற உன்ன தெரியலியே!” முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் வருவதாகச் சொல்லவே இல்லை. படம் பாதியில் பின்கதவருகே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பக்கிரி மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

செவலை வெளியே வந்தது. கதிர் பிடித்தான். விழுந்தான். ஓரத்தில் நின்ற பிரிசில்லா கையைத் தூக்கினாள் — நிறுத்துங்கள் என்று. நான் வில்லை எடுத்துவிட்டேன்.

மாமா நிறுத்தவில்லை.

திரையில் அவர் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. திரைக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தன. அவர் திரையைப் பார்க்கவில்லை, பிரிசில்லாவைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். மாடு நின்றது. என்ன அடித்தாலும் அது நிற்கத்தான் போகிறது. திரும்பியது. அவர் இன்னும் வேகமாக அடித்தார்.

நான் வில்லைக் கீழ்த்தந்தியில் வைத்தேன். முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவர் தனியாக அடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒரே ஸ்வரம், மாடு போய், ஆட்கள் வந்து அண்ணனைத் தூக்கும் வரை.

முடிந்ததும் பிரிசில்லா, “கெடுத்துட்டீங்கடி” என்று என் காதோடு சொல்லிவிட்டு, கை கொடுக்க வந்தவர்களிடம் சிரித்தாள்.

அண்ணன் நடந்து வர நேரமாயிற்று. மாமா எழுந்திருக்கவில்லை, பம்பைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். முடிச்சு வரவில்லை.

“இன்னா மாமா, கை வலிக்கலியா?”

“வலிக்குதுடா கண்ணு.”

அண்ணன் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து முடிச்சை அவிழ்த்தான்.

6 செப்டம்பர்

முழு நாளும் தூங்கினேன்.

16 ஜனவரி 2011, ஞாயிறு

மாட்டுப்பொங்கல். நாங்கள் ஊருக்குப் போகவில்லை. காலையில் பக்கிரி மாமா வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அம்மா, “இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?” என்று கேட்டுவிட்டு, இலை போட்டது. அவர் குனிந்து சாப்பிட்டார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

மாலையில் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி மேல் பம்பை. தோல் மாற்றக் கொண்டுவந்தாராம், இன்று ஆள் இல்லையாம். மாமா தேவனாம்பட்டினத்தில் கடல் பார்த்துவிட்டு வருவாராம். அண்ணன் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். தாளமென்று சொல்ல முடியாது.

“அண்ணே, ஏர்செல் டாப்-அப்” என்று ஒருவர் வந்து நின்றார்.

அண்ணன் ஒரு கையால் நம்பரை எழுதினான். இன்னொரு கையை நிறுத்தவில்லை.