கைக்கு வந்த மட்டை

உன் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிட்டது. இத்தனைக்கும் திருச்சி கே.கே. நகரிலிருந்து விடிந்ததும் கிளம்பியவன். பாலக்கரை தாண்டும்போது ஸ்கூட்டர் இருமியது. ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். அவர் கறுத்துப்போன ஆயிலைத் தகரத் தட்டில் வடித்துவிட்டு, கீழே சிந்தியதன்மேல் ஒரு கை மணலை அள்ளிப் போட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதோடு சரி. வண்டியைச் சரிசெய்து, காசை வாங்கிப் பையில் போட்டு, அடுத்த வண்டியையும் அவர் பிரித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். “சார், வேற ஏதாச்சும் பாக்கணுங்களா?” என்று அவர் கேட்டபோதுதான் நீ செத்துப்போனது ஞாபகத்துக்கு வந்தது.

பாவசங்கீர்த்தனம் பண்ணியே வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. ஆனால் சிநேகிதனின் சுபஸ்வீகாரத்துக்குப் போகும் வழியில் சிநேகிதனையே மறந்துவிட்டேன் என்று எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உன்னிடமே சொல்கிறேன். நீ ஒருவன்தான் ஆச்சரியப்பட மாட்டாய்.

மணலும் பழைய ஆயிலும் கலந்த அந்த வாசனையை இந்த ஊரில் நம்மைத் தவிர எத்தனை பேர் சந்தோஷமாக முகர்ந்திருப்பார்கள்? நம் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பொட்டலைத்தான் கோல்ஃப் மைதானம் என்று சொல்லிக்கொண்டோம். ஆடு மேய்க்கிறவர்கள் அதை நம்பவேயில்லை. குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டும் என்பது சட்டம். திருச்சி வெயிலில் எந்தப் புல் தங்கும்? ஒர்க்‌ஷாப்பில் வடித்த ஆயிலை மணலில் ஊற்றிப் பிசைந்து உருட்டி வட்டமாகத் தளம் போட்டு, நிறத்தைப் பார்த்து ‘பிரவுன்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். குழியைப் பார்த்துப் பந்தைத் தட்டும் முன்பு, கழியில் கட்டிய சாக்கை இழுத்துப் பாதையைச் சமன் செய்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் செருப்போடு நீ ஸ்ரீரங்கம் போனால், உன் அம்மா உன்னை வாசலிலேயே நிறுத்திக் காலில் தண்ணீர் ஊற்றுவார். பெருமாளைச் சேவிக்கிற வீட்டில் லாரி வாசனையாம்.

நம் இருவருக்கும் சேர்த்து ஒரே பை. ரிட்டயராகிப் போன ஓர் ஆபீசரிடம் பாதிப் பாதியாகப் போட்டு வாங்கியது. அதில் குழிக்குள் பந்தைத் தட்டுகிற சின்ன மட்டை ஒன்றே ஒன்றுதான்.

எனக்குக் கோல்ஃப் ஏன் பிடித்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை. என் தலைக்குள் எந்நேரமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு. எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் கூவுவார்கள். மட்டையை ஓங்கி, அது இறங்கிப் பந்தில் படுகிற வரைக்கும் மட்டும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். கண்மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் பிறந்ததிலிருந்து அந்த அமைதி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை, கோயில் உட்பட. கஷ்டம் என்னவென்றால், கோல்ஃபில் அடிப்பது கொஞ்சம்; நடப்பதும் நிற்பதும் அடுத்தவன் அடிக்கட்டும் என்று காத்திருப்பதும்தான் மிச்சம். அந்த மிச்சத்தில் நான் ஒழிந்தேன். பந்தைத் தேடப் போனவன் கீரியின் பின்னால் போனேன். ஒருமுறை கூட்ஸ் வண்டி போவதைப் பார்க்க வேலி வரைக்கும் போய், பிறகு அப்படியே வீட்டுக்கும் போய்விட்டேன். குடியிருப்பில் எனக்குக் ‘காத்தாடி’ என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான்.

பார்க்கக் கூடாததை மட்டும் என் கண் தவறவிடாது. ஜெனரல் மேனேஜர் புதருக்குப் பின்னால் போனால் பந்தைப் பூட்ஸ் காலால் நகர்த்துவார். அந்த நேரத்தில் மொத்தத் தொழிற்சாலையும் மலைக்கோட்டைப் பக்கம் திரும்பி உச்சிப் பிள்ளையாரைக் கும்பிடும். நான் மட்டும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ என் விலாவில் இடிப்பாய்.

எனக்காக ஒரு வழி கண்டுபிடித்தவன் நீ. ஜோடி ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பந்து; முறை வைத்து மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். முறை தவறினால் அந்தக் குழியே எதிராளிக்கு. யார் முறை என்பது என் மண்டையில் எப்போது தங்கியிருக்கிறது? நீ சொன்னாய்: “மட்டை எல்லாம் என் பொறுப்பு. உன் கைக்கு வந்தா அடி. வரலேன்னா வாயை மூடிண்டு நில்லு.”

அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பிரம்பால் செய்ய முடியாததை நீ ஒரே வாக்கியத்தில் செய்தாய். அந்த வருஷம் நாம் தோற்கவேயில்லை. கோப்பைக்கான கடைசி ஆட்டம் வரைக்கும் போனோம்.

அந்தக் கோப்பை உனக்கு வெறும் கோப்பை இல்லை. ஜெயிக்கிற ஜோடி மறுநாள் ஜெனரல் மேனேஜரோடு ஆடும், அவர் பங்களாவில் டீ குடிக்கும். ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. நீ கம்பளிக் கோட்டுக்கு அளவே கொடுத்துவிட்டாய், சித்திரை வெயிலில்.

ஆடி மாதம் அந்த ஆட்டம். எதிரே ஃபைனான்ஸ் ஆபீசர் ஜோடி. கணக்கில் சமமாக வந்து கடைசிக் குழியில் நின்றோம். தூரத்திலிருந்து நான் அடித்த பந்து பறந்து வந்து பிரவுனில் விழுந்து, குழிக்கு நாலடி தள்ளி நின்றது. என் வாழ்நாளின் சிறந்த அடி. அடுத்தது உன் முறை. நீ சாக்கை இழுத்துப் பாதையைச் சமன் செய்தாய். எதிராளி ஜோடி தங்கள் பந்தைப் பற்றி ஏதோ விவாதித்தது. அப்போது ஆடிக் காற்று ஒன்று வந்தது. ஃபைனான்ஸ் ஆபீசர் இடது காதிலிருந்து வலது காதுக்குப் பாலமாகப் படிய வாரியிருந்த முடி முழுசாக எழுந்து கொடிபோல நின்றது. நான் அதிலேயே லயித்துப்போனேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, தலைக்குள் அந்த அமைதி. பந்து உருண்டது. குழிக்குள் விழுந்தது. நான் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். யாரும் கைதட்டவில்லை.

“மிஸ்டர், இது உங்க பார்ட்னர் அடிக்க வேண்டியதாச்சே” என்றார் ஃபைனான்ஸ் ஆபீசர், முடியைத் தடவி ஒட்டவைத்தபடி.

உன் முகத்தைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மறுநாள் நீ கேன்டீனில் சொன்னாய். “தனக்கு ஜெர்மனி இல்லேன்னு வயித்தெரிச்சல். பையிலேர்ந்து மட்டையை அவனே உருவிண்டு போய் அடிச்சான். வேணும்னே பண்ணினான்.” மத்தியானத்துக்குள் அது பாய்லர் ஷெட் வரைக்கும் போய்விட்டது. எனக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தவர், கூடவே ஒரு வடையும் கொடுத்தார்.

வேண்டுமென்றே செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். பையிலிருந்து உருவியது? ஞாபகம் இல்லை. முடிதான் ஞாபகம் இருந்தது. ஆனால் உருவியிருப்பேன் என்றே நினைத்தேன். என்னைப் பற்றி யார் எந்தக் குற்றம் சொன்னாலும் ஒத்துக்கொண்டு பழகியவன். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். உன் வீடு தேடி வந்து, மன்னிச்சுடுறா, கை தானா போயிருக்கும் என்று சொன்னேன். நீ கதவுக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டாய்.

உனக்கு ஜெர்மனி போயிற்று. எனக்குப் போனது கொஞ்சம் பெரியது. அதன் பிறகு என்னோடு ஜோடி சேர ஒருவரும் வரவில்லை. நீ உன் பாதிக்குப் பணம்கூடக் கேட்காமல், மொத்தப் பையையும் என் வாசலில் வைத்துவிட்டுப் போனாய். நான் அதை மறுபடி தொடவில்லை. என் தலைக்குள் பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு மறுபடி தொடங்கிய கூச்சல் இன்னும் ஓயவில்லை. எதிரெதிர் வரிசை வீடுகளில் இருந்துகொண்டு, எண்பதுகள் முழுக்க நாம் பேசவில்லை. உன் கல்யாணப் பத்திரிகை எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் வந்தது, ஒன்றைத் தவிர.

போன வருஷம் என் மகனுக்குப் படிப்பில் கவனம் இல்லை என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பையனிடம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவருடைய மேஜைப் பேனாவை நான் நாலு துண்டாகக் கழற்றியிருந்தேன். “அப்பாவும் ஒரு நாள் வாங்க” என்றார். எனக்கு இருப்பது ஏ.டி.எச்.டி.யாம். தமிழில் நீளமாக ஒன்று சொன்னார். அதைச் சொல்லி முடிக்கும் வரை கவனிக்க முடிந்தால் அந்த வியாதியே இல்லை என்று அர்த்தம். வெளியே வந்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. டேய், வேணும்னே இல்லடா, இதுக்கு ஒரு பேர் இருக்காம். நீ இருந்தது காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில். எத்தனையோ தடவை கிளம்பினேன். ஒரு தடவை அதையும் தாண்டிச் சமயபுரம் போய் இறங்கினேன். நீ காத்திருக்கவில்லை.

உன் பேரில் எனக்குக் கசப்பு தீரவில்லை. ஆனால் நீ போட்ட சட்டத்தில்தான் இன்னும் வண்டி ஓடுகிறது. என் மனைவி சாவியோ மாத்திரையோ பையோ எதையும் மேஜையில் வைப்பதில்லை. கையில் கொடுத்துவிடுவாள். கைக்கு வந்தால் செய்கிறேன். வராவிட்டால் நிற்கிறேன். அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று அவள் கேட்டபோது ஒரு பழைய சிநேகிதன் என்று மட்டும் சொன்னேன்.

உன் வீட்டில் பந்தி முடிந்து கூடம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் உன் மனைவி உள்ளேயிருந்து வந்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம். “காத்தாடி நீங்கதானா? உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாது, தெரியுமோ? அந்த மேட்ச் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ‘யார் முறைங்கறதை நானே மறந்துட்டேன், மட்டையை அவன் கையில நானேதான் குடுத்தேன், அவன் சமத்தா அடிச்சுட்டான்’னு. வேஷ்டி நழுவற வரைக்கும் சிரிப்பார்.”

பிறகு காபி கொண்டுவந்து நீட்டினார். கைக்கு வந்துவிட்டதால் குடித்தேன்.