அடுப்புப் புகை

செவ்வாய், இரவு

சுரேஷின் சட்டையில் வீசியதை அடுப்புப் புகை என்றே நினைத்திருந்தேன். விறகு எரிக்கும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யார் சட்டையில்தான் புகை வீசாது? போன வாரம் அவனே சொன்னான். "அம்மா, அது சிகரெட்டு. பயம் வந்தா குடிக்கிறேன். குடிச்சா பயம் இன்னும் கூடுது."

இன்று பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்து லயத்து அக்கா, "தம்பிக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்ல வாயெடுத்தேன். பதினேழு வயதுப் பிள்ளை முந்திக்கொண்டான்.

"மனசு சரியில்லங்க. சிகரெட்டையும் விடணும். அதான் டாக்டர பார்க்க வந்தேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு வராத துணிச்சல் அது. அவன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

ஒரு வாரமாக முகர்ந்து பார்த்த சட்டையை இன்று முகராமலே ஊறவைத்தேன்.